வளைகுடா சபரும் கைப்பணக் கணக்கும்

முன்பெல்லாம் வளைகுடா சபர் என்றால் பிழைப்புக்குப் போகும் ஆண்மகனின் சபர் என்றுதான் பொருள். இன்று மகன் அழைக்கிறான் என்று வாப்பாவும் உம்மாவும், மகளின் பேறுகாலத்துக்கு என்று தாயும், பள்ளி விடுமுறையில் மச்சான் வீட்டுக்கு என்று பிள்ளைகுட்டிகளோடு ஒரு குடும்பமுமாகத் துபாய்க்குப் போய், பத்து நாள் பதினைந்து நாள் தங்கித் திரும்புவது நம் மஹல்லாக்களில் சாதாரணமாகிவிட்டது. இது ஆகுமான பிரயாணம். உறவைச் சேர்ந்து நடக்கும் நிய்யத்தோடு போனால் நன்மைக்குரிய பிரயாணமும்கூட. ஆனால் போய் வந்த பிறகு நம்மிடம் மஸ்அலா கேட்டு வருகிறவர்களைக் கவனித்தால், பணம் போதாமல் போனதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. யாருடைய பணம் யாரிடம் இருக்கிறது, அது எந்த நாணயத்தில் கடன், எந்த நாளின் விலைக்குத் தீர்க்க வேண்டும் என்று விளங்காமல், உறவு கசந்த நிலையில் வருகிறவர்களே அதிகம். ஆகவே துபாய்ப் பிரயாணத்தையே உதாரணமாக வைத்து, பணம் சம்பந்தமான சட்டங்களை வீட்டுப் பெண்களுக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறோம்.

புறப்படும் முன்

யமன் நாட்டவர் சிலர் கையில் ஒன்றுமில்லாமல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, தாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு, மக்கா வந்து சேர்ந்ததும் மக்களிடம் கையேந்தி நின்றார்கள். அதைத் திருத்தவே, பிரயாணத்துக்கு வேண்டியதைத் தயார் செய்துகொள்ளுமாறு கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் இறங்கியது என்று ஹழ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. "அங்கே போனால் மகன் பார்த்துக்கொள்வான்" என்று வெறுங்கையோடு விமானம் ஏறும் பெரியவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். மகன் பார்த்துக்கொள்வான், உண்மைதான். அவன் மாத வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் எவ்வளவு என்பது வாப்பாவுக்குத் தெரியுமா?

முதலில் ஊரில் இருக்கும் கடனைப் பாருங்கள். தவணை வந்துவிட்ட கடனை வைத்துக்கொண்டு, கொடுக்கச் சக்தியிருந்தும், கடன் கொடுத்தவரின் சம்மதம் பெறாமலும், திருப்பிக் கொடுக்க ஓர் ஆளைப் பொறுப்பாக நியமிக்காமலும் பிரயாணம் புறப்படுவது கூடாது என்பது ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களின் சட்டம். அடுத்து, வீட்டில் விட்டுச் செல்பவர்களின் செலவு. வயதான தாயை இளைய மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு, மருந்துக்கும் பாலுக்கும் காசு வைக்காமல் போகிறவர், தன் பொறுப்பில் இருப்பவர்களை வீணாக விட்ட குற்றத்துக்கு ஆளாவார். இந்த இரண்டுக்கும் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதே பிரயாணப் பணம்.

அந்தப் பணத்துக்கு ஒரு காகிதத்தில் கணக்கு எழுதுங்கள். டிக்கெட், விசா இரண்டும் எல்லோருக்கும் நினைவில் இருக்கும். மறந்துபோவது சில்லறைச் செலவுகள்தான். உறவினர் வீட்டில் இடமில்லாமல் ஹோட்டலில் தங்கினால், அறை வாடகைக்கு மேல் மாநகராட்சிக் கட்டணம், சேவைக் கட்டணம், ஐந்து சதவீத வாட் வரி, இவை போக ஓட்டலின் தரத்துக்கேற்ப ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை சுற்றுலாக் கட்டணம் என்று சேர்ந்துவிடும். வாட் வரி அங்கே 2018 ஜனவரி முதல் இருந்து வருகிறது. கடையில் ஒட்டியிருக்கும் விலையில் அது அடக்கம். 250 திர்ஹமுக்குக் குறையாத பொருளை, வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்துள்ள கடையில் வாங்கினால், கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு, திரும்பும்போது விமான நிலையத்தில் வரியின் பெரும்பகுதியைப் பெற்றுக்கொள்ளலாம். அது உங்கள் ஹக்கு. அலட்சியம் செய்ய வேண்டியதில்லை. போக்குவரத்துக்கு மெட்ரோ ரயிலும் பஸ்ஸும் இருக்க, ஒவ்வொரு தேவைக்கும் டாக்ஸி பிடிப்பது நான்கு பேர் உள்ள குடும்பத்தின் கணக்கைக் கவிழ்த்துவிடும். தேராவிலிருந்து பர் துபாய்க்குக் கழியைக் கடக்க அப்ரா என்னும் தோணியில் ஒரு திர்ஹம்தான். மெட்ரோவுக்குள் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுத்தால் 100 திர்ஹம் அபராதம் என்பதையும், விசா முடிந்து தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் என்பதையும் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. அபராதத்தில் போகும் காசு துன்யாவுக்கும் ஆகிரத்துக்கும் உதவாத காசு.

நாணயம் மாற்றும் சட்டம்

ரூபாயைக் கொடுத்துத் திர்ஹம் வாங்குவது மார்க்கத்தில் சாதாரண வியாபாரம் அன்று. அதற்கு ஸர்ஃப் என்று பெயர். தங்கத்துக்குத் தங்கம், வெள்ளிக்கு வெள்ளி என்றால் சமஎடையாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும். தங்கத்துக்கு வெள்ளி என்று இனம் மாறினால் விலை எப்படியும் இருக்கலாம், ஆனால் கைக்குக் கையாகவே இருக்க வேண்டும் என்பது ஹழ்ரத் உபாதத் இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. காகித நாணயங்களுக்கும் வட்டி, ஜகாத் முதலியவற்றில் தங்கம் வெள்ளியின் சட்டமே உண்டு என்று 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி தீர்மானித்தது. ஒவ்வொரு நாட்டு நாணயமும் தனி இனம். ஆகவே ரூபாய்க்குத் திர்ஹம் என்ன விலைக்கும் மாற்றலாம். ஆனால் இன்று ரூபாயைக் கொடுத்துவிட்டு, "திர்ஹமை நாளை வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்பது கூடாது. விலையை மட்டும் தொலைபேசியில் விசாரித்து வைத்துக்கொண்டு, நேரில் போய் அங்கேயே கொடுத்து வாங்கினால் தவறில்லை. பிரயாண அட்டையில் பணம் ஏற்றிக் கொடுக்கிறார்களே என்றால், கணக்கில் பதிவாவதும் கையில் பெற்றதற்குச் சமம் என்று அதே அகாதமி 1990இல் ஜித்தாவில் தீர்மானித்திருக்கிறது.

ஒரே நாணயத்தை மாற்றும்போது ஒரு காசு கூடக் குறையவும் கூடாது. 100 திர்ஹம் நோட்டைக் கொடுத்து 98 திர்ஹம் சில்லறை வாங்குவது வட்டி. நம்மூர்க் கடைத்தெருவில் கிழிந்த ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு நானூற்று ஐம்பது கொடுக்கிறார்களே, அதுவும் இதே வகைதான். பலர் அதைப் பாவமென்றே நினைப்பதில்லை.

ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்று நிலையத்தில் ரசீதோடு மாற்றுங்கள். விமான நிலையத்தில் விலை பெரும்பாலும் பாதகமாகவே இருக்கும். இறங்கியவுடன் தேவைப்படும் அளவுக்கு மேல் அங்கே மாற்ற வேண்டாம். சிலர் ரூபாயை டாலராக்கி, டாலரைத் திர்ஹமாக்குகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே ஒரு கழிவு போகிறது. திர்ஹமோ 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது; டாலரை வைத்துக் காத்திருப்பதில் லாபமும் இல்லை. உண்டியல்காரரிடம் இங்கே ரூபாயைக் கொடுத்து அங்கே திர்ஹம் வாங்குவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது நாட்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம். பணம் போனால் வழக்குப் போட வழியில்லை. கைக்குக் கை என்ற நிபந்தனையும் அதில் நிறைவேறுவதில்லை.

கடன் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கொண்டு இயந்திரத்தில் ரொக்கம் எடுத்தால் பெரும்பாலான அட்டைகளில் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும். தவணைக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடும் உறுதியில்லாதவர் அதைத் தொடாமலிருப்பதே ஈமானுக்குப் பாதுகாப்பு. இந்திய வங்கி அட்டையைக் கடையில் கொடுக்கும்போது, ரூபாயிலா திர்ஹமிலா என்று இயந்திரம் கேட்கும். ரூபாய் நமக்குப் பழக்கமாயிற்றே என்று அதை அழுத்தினால், அவர்கள் வைக்கும் விலைக்கு நாணயம் மாறும். அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம். திர்ஹம் என்றே சொல்லுங்கள்.

மாமனார் மருமகன் கணக்கு

இனி, அதிகமான மனஸ்தாபத்துக்குக் காரணமாகும் விஷயத்துக்கு வருவோம். மருமகன் துபாயில் இருக்கிறார். மாமனாருக்கும் மாமியாருக்கும் டிக்கெட்டும் விசாவும் அவரே 3,000 திர்ஹம் கொடுத்து எடுக்கிறார். அன்று ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "மாப்பிள்ளை, 69,000 ரூபாய் ஆகிறது. நெல் விற்றதும் தந்துவிடுகிறேன்" என்கிறார் மாமனார். "அதற்கென்ன மாமா, மெதுவாகத் தாருங்கள்" என்கிறார் மருமகன். ஆறு மாதம் கழித்துத் திர்ஹம் 24 ரூபாய். மாமனார் 69,000 ரூபாயை எண்ணி வைக்கிறார். மருமகனோ வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல், மனைவியிடம் மட்டும் 3,000 ரூபாய் குறைகிறது என்கிறார். அந்தப் பெண் யார் பக்கம் பேசுவாள்?

மருமகன் கொடுத்தது திர்ஹம். ஆகவே கடன் 3,000 திர்ஹம். எதைக் கடனாகக் கொடுத்தாரோ அதையே திரும்பப் பெறுவது அவருடைய ஹக்கு. இரு தரப்பும் சம்மதித்து ரூபாயில் தீர்க்க விரும்பினால், தீர்க்கும் நாளின் விலைக்கே தீர்க்க வேண்டும். கடன் வாங்கிய நாளின் விலைக்கு அன்று. இதற்கு ஆதாரம் ஹழ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்களின் ஹதீஸ். அவர்கள் ஒட்டக வியாபாரம் செய்துவந்தார்கள். தீனாருக்கு விற்றுவிட்டு அதற்குப் பதிலாகத் திர்ஹம் வாங்குவார்கள். திர்ஹமுக்கு விற்றுவிட்டுத் தீனார் வாங்குவார்கள். இதுபற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அன்றைய விலைக்கு எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை என்றும், ஆனால் இருவரும் பிரியும்போது அந்த மாற்றத்தில் பாக்கி எதுவும் நிற்கக்கூடாது என்றும் விளக்கமளித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இது பதிவாகியிருக்கிறது.

ஆகவே மேலே சொன்ன கணக்கில் மாமனார் கொடுக்க வேண்டியது 72,000 ரூபாய். திர்ஹம் 22 ரூபாயாக இறங்கியிருந்தால் 66,000 ரூபாய்தான்; அப்போது மருமகன் "அன்று சொன்ன 69,000 எங்கே?" என்று கேட்க உரிமையில்லை. கடன் கொடுக்கும்போதே, "இந்த 3,000 திர்ஹமுக்கு ஆறு மாதம் கழித்து 69,000 ரூபாய்" என்று நிபந்தனை பேசிக்கொண்டால், அது கடனே அல்ல, தவணை வைத்த நாணய மாற்று, கூடாது. விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாமா என்றால் கொடுக்கலாம். 24 ரூபாயாக இருக்கும் நாளில் 12,000 ரூபாய் கொடுத்தால், 500 திர்ஹம் கடன் தீர்ந்தது என்று எழுதிக்கொள்ள வேண்டும். மீதி 2,500 திர்ஹம். அடுத்த மாதம் கொடுக்கும்போது அந்த மாதத்து விலை. மீதியை ரூபாயில் எழுதி வைக்காதீர்கள்; திர்ஹமிலேயே எழுதுங்கள். தொல்லை தொடங்குவது அந்த ஒரு வரியில்தான். மாறாக, ஊரில் மாமனார் மருமகனின் வீட்டு வேலைக்கு 50,000 ரூபாய் கடனாகக் கொடுத்திருந்தால் அது ரூபாய்க் கடன். திர்ஹமின் விலை இறங்கிவிட்டது என்பதற்காக மருமகன் திர்ஹம் கணக்கில் குறைத்துக் கொடுக்க முடியாது. நிபந்தனையில்லாமல் கடனாளி தாமாகவே மனமுவந்து கூட்டிக் கொடுத்தால் அது வட்டியாகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடன் வாங்கிய ஒட்டகத்துக்கு அதைவிடச் சிறந்த ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள்.

இதிலே இன்னொரு முடிச்சும் உண்டு. டிக்கெட் எடுத்தது கடனா, அன்பளிப்பா? பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை; கேட்டால் மரியாதைக் குறைவாம். ஒருவர் சொல்லாமலும் கேட்காமலும் நாமாக அவர் சார்பில் செலவு செய்தால், பிறகு அதைக் கேட்டு வாங்க ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் இடமில்லை. அது தர்மமாகப் போய்விடும். "நீங்கள் எடுத்து வையுங்கள், தருகிறேன்" என்று சொல்லியிருந்தால் அது கடன். எனவே ஆரம்பத்திலேயே, "மாமா, டிக்கெட் என் ஹதியா, ஹோட்டலும் சாமானும் உங்கள் கணக்கு" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் போதும். குர்ஆன் ஷரீஃபிலேயே மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282, தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அன்று, கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியே இறங்கியிருக்கிறது. சொந்தக்காரர்களுக்குள் எழுதுவது அவமானம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

நம் பாட்டனார் காலத்தில் இந்த மாற்று விலைத் தொல்லையே இல்லை என்பது ஒரு வேடிக்கை. துபாயில் அன்று புழங்கியதே நம் ரூபாய்தான். 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. 1966இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதும் அந்நாட்டவர் அதை விட்டு விலகினார்கள். 1973 முதல்தான் இன்றைய திர்ஹம். மதிப்புக் குறைந்த அந்த நாளில் யார் யாருக்கு எதில் கடன் பட்டிருந்தார்களோ!

கூட்டுச் செலவுப் பை

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போகும்போது, ஒவ்வொரு தேநீருக்கும் கணக்குப் பார்ப்பது பிரயாணத்தைக் கெடுத்துவிடும். எல்லோரும் ஒரே அளவு பணம் போட்டு, நிதானமான ஒருவர் கையில் பையைக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் கூடுதலாகச் சாப்பிடலாம், ஒருவர் குறைவாகச் சாப்பிடலாம். விட்டுக்கொடுக்கும் மனதோடு சேர்த்ததால் அதில் வட்டிப் பேச்சு இல்லை. உணவு குறைந்துபோனால் இருப்பதையெல்லாம் ஒரு துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் அஷ்அரீ கோத்திரத்தாரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்து, அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று சொன்னதாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்திருக்கிறது. கடைச் சாமான்களும் தனிப்பட்ட வாங்குதலும் அந்தப் பையில் சேரக்கூடாது. பை அதற்காக அன்று.

பிறர் கொடுத்தனுப்புவது

புறப்படும் செய்தி தெருவில் பரவியதும், "என் மகனிடம் இதைக் கொடுத்துவிடுங்கள் லாத்தா" என்று உறைகள் வரும். அதிலுள்ள பணம் அமானிதம். மக்காவை விட்டுப் புறப்படும் அந்த ஆபத்தான வேளையிலும், தம்மிடம் இருந்த அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டுப் போன வரலாறு எல்லோருக்கும் தெரியும். அந்த அமானிதங்களுக்கு உரியவர்கள் அவர்களைத் துரத்திய ஊர்க்காரர்கள் என்பதை எண்ணிப்பாருங்கள்.

வாங்கிய உறையைப் பெயர் எழுதித் தனியாக வையுங்கள். சொந்தப் பணத்தோடு கலந்துவிட்டாலோ, "பிறகு போட்டுவிடலாம்" என்று அதிலிருந்து எடுத்துச் செலவழித்தாலோ, அதற்குப் பிறகு அது திருட்டுப் போனாலும் நீங்கள் ஈடு கட்ட வேண்டும். பத்திரமாக வைத்திருந்தும், உங்கள் கவனக்குறைவு இல்லாமல் களவு போனால் ஈடு இல்லை. "இதைத் திர்ஹமாக்கிக் கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால் நீங்கள் அவருடைய வக்கீல். 23 ரூபாய்க்கு மாற்றிவிட்டு 23.50 என்று கணக்குச் சொல்லி இடையில் மிஞ்சுவதை வைத்துக்கொள்வது மோசடி. கூலி வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், ஹலால்.

பொட்டலம் கொடுத்தால் பிரித்துப் பார்த்தே வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம். நம் வீட்டுக் குருமாவுக்குச் சேர்க்கும் கசகசா அந்நாட்டில் போதைப்பொருள் சட்டத்தில் தடை செய்யப்பட்டது. சில வலி மருந்துகளும் இருமல் மருந்துகளும் அப்படியே. முன் அனுமதியும் மருத்துவரின் சீட்டும் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

திரும்பி வரும்போது

தேராவின் தங்கச் சந்தைக்குள் போன பெண்கள் வெறுங்கையோடு வருவது அரிது. தங்கமும் பணமும் மாறுவதும் ஸர்ஃப்தான். தவணையில் நகை வாங்குவது கூடாது. "பத்து சதவீதம் முன்பணம் கட்டினால் இன்றைய விலையை உங்களுக்கு நிறுத்தி வைக்கிறோம்" என்று பண்டிகைக் காலங்களில் கடைகள் விளம்பரம் செய்கின்றன. நகை பிறகு, மீதிப் பணம் பிறகு, விலை மட்டும் இன்றே முடிந்தது என்றால், அந்த வியாபாரம் கைக்குக் கையாக நடக்கவில்லை. பணம் முழுவதும் சேர்ந்த நாளில், அன்றைய விலைக்குக் கொடுத்து நகையைக் கையில் வாங்குவதே நேரான வழி. மேலும் நமது சுங்கச் சட்டம் நகைக்குத் தரும் தனிச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்குத்தான். பதினைந்து நாள் தங்கிவிட்டு வருகிறவர் அந்தச் சலுகையை நம்பி நகை வாங்கக் கூடாது. பிறர் நகையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு "என்னுடையதுதான்" என்று அதிகாரியிடம் சொல்வது பொய். சொந்தக்காரர் என்ற பாசம் அதை உண்மையாக்கிவிடாது.

சாமான்களில் ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் காட்டும் நடுநிலை வேண்டும். வீண் விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது. பேரீச்சம்பழம், அத்தர், கோடாலித் தைலம், பால்மா என்று தெரு முழுவதற்கும் பங்கு வைக்கக் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் பாதி இன்று நம்மூர் பஜாரிலேயே கிடைக்கிறது. ஹதியா கொடுப்பது சுன்னத். அதற்காகக் கடன்படுவது சுன்னத் என்று எந்த நூலிலும் இல்லை.

மிஞ்சிய திர்ஹமைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். சட்டைப் பையிலும் அலமாரியிலும் கிடக்கும் அந்த நோட்டுகளும் உங்கள் சொத்துத்தான். ஜகாத் கணக்குப் பார்க்கும் நாளில் அன்றைய விலைக்கு ரூபாயாக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுபோல் அடுத்த வருடப் பிரயாணத்துக்கென்று மாதாமாதம் சேர்த்துவரும் பணத்தை, "அதுதான் டிக்கெட்டுக்குப் போகப்போகிறதே" என்று பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். டிக்கெட் வாங்கும் வரை அது உங்கள் பணமே. நிஸாபும் வருடமும் பூர்த்தியாகும் நாளில் அது கையில் இருந்தால், அதற்கும் இரண்டரை சதவீதம் ஜகாத் உண்டு.